வால்மீன் தூசும் விண்கலத்தின் கண்ணும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியிலிருந்து வடக்கே மரக்காணம் வரை கடலோரமாக வாழ்கிறவர்களுக்கு ஒரு பொருளின் குணத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதுதான் உப்பு. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது. சைக்கிள் செயின் இறுகிப் போகிறது. வெளியே போய் வந்தால் மூக்குக் கண்ணாடியில் மெல்லிய புகைபோல ஒரு படலம் தெரிகிறது. அலையிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. நீர் உலர்ந்துவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் தொலைநோக்கி வைத்திருப்பவரைக் கேட்டால், அந்தச் சிறுதுகள் என்ன பாடு படுத்தும் என்று சொல்வார். லென்சின் மேல் அது படிந்தால் விண்மீன் மங்குகிறது. அவசரப்பட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழுகிறது.

நம் கடற்கரையில் இந்தத் தூசு மெதுவாக வந்து படிகிறது. இதே போன்ற நுண்துகள் ஒரு வினாடிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்? வால்மீனுக்கு அருகே செல்லும் விண்கலங்கள் சந்திக்கும் ஆபத்து இதுதான். நம் நாட்டின் மங்கள்யான் விண்கலமும் 2014ஆம் ஆண்டு இந்த ஆபத்தை எதிர்நோக்க வேண்டி வந்தது. அது எப்படித் தப்பியது, மற்ற விண்கலங்கள் எப்படி அடிபட்டன, அந்தத் தூசையே அறிவியலறிஞர்கள் எப்படிச் சாட்சியாக மாற்றினார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தூசு எங்கிருந்து வருகிறது?

வால்மீனின் உட்கரு சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டி. அதில் பனிக்கட்டியும், உறைந்த வாயுக்களும், மண்ணும், கரிப்பொருள்களும் கலந்திருக்கின்றன. அமெரிக்க வானியலறிஞர் ஃபிரெட் விப்பிள் 1950இல் இதை 'அழுக்குப் பனி உருண்டை' என்ற கருத்தாக வெளியிட்டார்.

மரக்காணம் உப்பளத்தில் கோடை வெயில் என்ன செய்கிறது? பாத்தியில் உள்ள உவர்நீரை ஆவியாக்குகிறது. உப்பு தரையில் எஞ்சுகிறது. வால்மீனிலும் சூரியன் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. விண்வெளியில் காற்றழுத்தம் இல்லை. எனவே பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிறது. உட்கருவின் ஈர்ப்பு விசையோ மிக மிகக் குறைவு. ஆதலால் ஆவியாகும் வாயு, தூசைத் தரையிலே விட்டுவிடாமல் தன்னோடு வாரிக்கொண்டு வெளியே பாய்கிறது. இந்தத் தூசும் வாயுவும் சேர்ந்துதான் வால்மீனின் தலையும் வாலும் ஆகின்றன.

வால்மீனிலிருந்து புறப்படும்போது இந்தத் தூசின் வேகம் அப்படியொன்றும் பெரிதல்ல. அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? வால்மீனும் விண்கலமும் வெவ்வேறு பாதையில் சூரியனைச் சுற்றுகின்றன. ஒன்றுக்கொன்று எதிர் எதிரே வரும்போது இரண்டின் வேகமும் கூடிவிடுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் மோதுவதும், ஒன்றின் பின்னால் மற்றொன்று உரசுவதும் ஒன்றல்ல அல்லவா? அதுபோலத்தான்.

ஒரு சிறு கணக்கு

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிய தொகை என்பதைப் பள்ளி மாணவர்கள் அறிவர். வேகம் பத்து மடங்கானால் ஆற்றல் நூறு மடங்காகும்.

துப்பாக்கிக் குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.85 கி.மீ. என்று கொள்வோம். ஹாலி வால்மீனை 1986இல் நெருங்கிய ஐரோப்பிய விண்கலமாகிய ஜியோட்டோவை நோக்கித் தூசு வந்த வேகம் வினாடிக்கு 68 கி.மீ. அதாவது சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு வினாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் வந்து சேரும் வேகம்! இது குண்டின் வேகத்தைப் போல் 80 மடங்கு. ஆகவே கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் ஆற்றல் 6,400 மடங்கு.

ஒரே ஒரு கிராம் எடையுள்ள துகள் அந்த வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 23 இலட்சம் ஜூல். பத்து டன் எடையுள்ள சரக்கு லாரி மணிக்கு 78 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எவ்வளவு ஆற்றல் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. லாரியின் ஆற்றல் முழுவதும் ஒரு சுண்டைக்காயளவு இடத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வேகத்தில் மோதும் துகள் உலோகத்தில் ஓட்டை போட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. மோதிய கணத்திலேயே துகளும், அது மோதிய இடமும் சேர்ந்து ஆவியாகின்றன. ஒரு சிறு வெடிப்பே நிகழ்கிறது. துகளைவிடப் பன்மடங்கு அகலமான குழி விழுகிறது. ஆவியின் ஒரு பகுதி மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மாவாகவும் மாறுகிறது.

மங்கள்யானுக்கு வந்த சோதனை

2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதில் ஐந்து ஆய்வுக் கருவிகள் இருந்தன. ஐந்தின் மொத்த எடை ஏறத்தாழ 15 கிலோ. முதல் முயற்சியிலேயே செவ்வாயை அடைந்த மகிழ்ச்சி நாட்டில் அடங்குவதற்குள் ஒரு விருந்தாளி வந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் சைடிங் ஸ்பிரிங். ஆஸ்திரேலியாவில் அதே பெயருள்ள வான்காட்சி நிலையத்தில் 2013 ஜனவரி 3 அன்று இராபர்ட் மெக்நாட் என்பவர் கண்டுபிடித்த வால்மீன் அது. அது 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாயிலிருந்து சுமார் 1,40,000 கி.மீ. தொலைவில் கடந்து செல்லும் என்று கணக்கிடப்பட்டது. பூமிக்கும் நிலவுக்கும் இடையேயுள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல்! வேகம் வினாடிக்கு 56 கி.மீ.

மங்கள்யான் செவ்வாயை அடைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசு மோதினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,570 ஜூல். ஒரு கிலோ எடைக் கல்லை எட்டுப் பனை உயரத்திலிருந்து, அதாவது 160 மீட்டரிலிருந்து, போட்டால் அது தரையைத் தொடும்போது பெறும் ஆற்றல் அதுவே. அது ஊசிமுனையளவு இடத்தில் இறங்கினால் எரிபொருள் குழாயோ, மின்கம்பியோ, கருவியின் லென்சோ தாங்காது.

அபாயம் எவ்வளவு என்பதில் கணிப்புகள் நாளுக்கு நாள் மாறின. முதலில் மிகுந்த தூசு வரும் என்று அஞ்சினார்கள். வால்மீனை மேலும் மேலும் கவனித்த பிறகு, வரக்கூடிய தூசு குறைவாகவே இருக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. பழுதானால் போய்ப் பழுதுபார்க்க முடியாத பொருளை வைத்துக்கொண்டு யாரும் சூதாட மாட்டார்கள்.

என்ன செய்யலாம்? கனமான கேடயம் மங்கள்யானில் இல்லை. வால்மீன் தூசிலே ஒரு வசதி இருந்தது. அது எல்லாத் திசையிலிருந்தும் வராது. ஏறத்தாழ ஒரே திசையிலிருந்து, இணையான கோடுகளாக வரும். சாய்ந்து அடிக்கும் மழையில் சுவரின் மறுபக்கம் ஒதுங்கினால் நனையாமல் இருக்கலாம் அல்லவா? செவ்வாயே அந்தச் சுவர். அதன் விட்டம் சுமார் 6,800 கி.மீ. தூசு அதிகமாக வரக்கூடிய நேரத்தில் விண்கலம் செவ்வாயின் மறுபக்கத்தில் இருந்துவிட்டால் போதும். அந்த ஆபத்தான நேரமும் நீண்டதல்ல. வால்மீன் மிக அருகே வந்த பிறகு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துச் சுமார் 20 நிமிடம் மட்டுமே.

ஆனால் சுற்றுப்பாதையில் ஓடும் கலத்தை நினைத்த இடத்தில் பிரேக் போட்டு நிறுத்த முடியாது. மங்கள்யான் நீள்வட்டப் பாதையில் செவ்வாயை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 73 மணி நேரம் ஆயிற்று. இங்குதான் இயற்பியல் கைகொடுத்தது. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் முந்தும் கடிகாரம் பன்னிரண்டு நாளில் ஒரு மணி நேரம் முந்திவிடும். அதுபோல, சுற்றுக்காலத்தைச் சற்றே மாற்றிவிட்டால், அடுத்தடுத்த சுற்றுகளில் அந்த வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, குறித்த நாளில் கலம் பாதையின் வேறொரு இடத்தில் இருக்கும். முன்கூட்டியே செய்தால் சிறு உந்துதலே போதும். கடைசி நேரத்தில் செய்தால் எரிபொருள் ஏராளமாகச் செலவாகும்.

இஸ்ரோ பொறியியலாளர்கள் 2014 அக்டோபர் 7 அன்றே அதைச் செய்தார்கள். செலவான எரிபொருள் 1.9 கிலோ. எஞ்சியிருந்தது சுமார் 40 கிலோ என்பதை நினைத்தால், இது அற்பத் தொகையல்ல. எரிபொருள்தான் விண்கலத்தின் ஆயுள். ஆயுளில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள் எனலாம். அமெரிக்காவின் மேவன் முதலிய கலங்களும் இதே முறையில் செவ்வாயின் பின்னே ஒதுங்கின. வால்மீன் கடந்து சென்றது. எல்லாக் கலங்களும் பிழைத்தன.

ஆறு மாதம் வேலை செய்ய வேண்டும் என்று அமைக்கப்பட்ட மங்கள்யான் 2022 வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், உழைத்தது. முதல் மாதத்திலேயே ஒரு மணல் துகளுக்கு அதைப் பறிகொடுத்திருந்தால்?

ஒதுங்க இடமில்லாதபோது

வால்மீனை ஆராயவே புறப்பட்ட கலம் ஒளிந்துகொள்ள முடியாது. அது தூசுக்குள்ளேயே போயாக வேண்டும்.

1986 மார்ச்சில் ஹாலி வால்மீனைக் காண ஐந்து விண்கலங்கள் சென்றன. சோவியத் நாட்டின் வேகா-1, வேகா-2, ஜப்பானின் சகிகாகே, சூய்சே, ஐரோப்பாவின் ஜியோட்டோ. வேகா-1 மார்ச் 6 அன்று 8,890 கி.மீ. தொலைவிலும், வேகா-2 மார்ச் 9 அன்று 8,030 கி.மீ. தொலைவிலும் கடந்தன. அவற்றின் சூரியமின் தகடுகள் தூசில் அடிபட்டு, மின்சாரம் தரும் ஆற்றலைக் கணிசமாக இழந்தன. மார்ச் 8 அன்று 1,51,000 கி.மீ. தொலைவில் சென்ற சூய்சேயைக்கூட இரண்டு துகள்கள் தாக்கி, அதன் சுழற்சியைச் சற்று மாற்றிவிட்டன.

ஜியோட்டோதான் மிக அருகே செல்ல வேண்டியது. அதற்குக் கேடயம் தேவை. ஒரே தகட்டால் தடுப்பதென்றால் அலுமினியத்தை ஏறத்தாழ 8 செ.மீ. கனத்தில் வைக்க வேண்டும். கேடயத்தின் எடை மட்டுமே 600 கிலோவைத் தாண்டிவிடும். கலத்தின் எடையே அவ்வளவுதான்! இதற்கு வழி சொன்னவர் மேலே கூறிய அதே விப்பிள். விண்வெளிப் பயணம் தொடங்குவதற்கு முன்பே, 1940களிலேயே, 'இரட்டைக் கேடயம்' என்ற கருத்தை அவர் கூறியிருந்தார்.

முன்னால் 1 மி.மீ. கனமுள்ள மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 25 செ.மீ. வெற்றிடம். அதற்கும் பின்னால் கெவ்லார் என்னும் உறுதியான இழையாலான கனத்த தட்டு. துகள் முதல் தகட்டைத் துளைக்கும்போது, தன் வேகத்தாலேயே ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி இடைவெளியில் விசிறிபோல் விரிகிறது. ஊசிபோல் வந்தது உள்ளங்கைபோல் விரிந்து இரண்டாவது தட்டில் அறைகிறது. விசை பரவிவிட்டதால் தட்டு தாங்கிக்கொள்கிறது. மெல்லிய தகடு பகையைத் தடுப்பதில்லை. பகையைக் கொண்டே பகையைச் சிதறடிக்கிறது.

ஆயினும் கேடயத்துக்குப் பின்னே முழுவதும் பதுங்கிய காமிரா எதைப் படம் எடுக்கும்? வால்மீனைப் பார்க்க வேண்டுமானால் கேடயத்தின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாக வேண்டும். எட்டிப் பார்த்தால் தூசு கண்ணில் விழும். கருவி அமைப்போருக்கு இதைவிடப் பெரிய இக்கட்டு இல்லை. காண வேண்டும் என்றால் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் அடிபட வேண்டும். எவ்வளவு அருகே போகிறோமோ அவ்வளவு தெளிவான செய்தி. அவ்வளவு பெரிய ஆபத்து.

மார்ச் 13 நள்ளிரவு ஜியோட்டோ ஹாலியை நெருங்கியது. முதல் துகள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மோதியது. பிறகு மோதல்கள் மழையாயின. மொத்தம் 12,000 மோதல்கள் பதிவாயின. மிக நெருங்குவதற்குச் சில வினாடிகளே இருந்தபோது, பெரிய துகள் ஒன்று கலத்தை அடித்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு நிலையத்தில் செய்தி துண்டிக்கப்பட்டது.

என்ன நடந்தது? ஜியோட்டோ நிமிடத்துக்கு 15 முறை பம்பரம்போல் சுழன்றுகொண்டிருந்தது. சுழலும் பம்பரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அது தலையாட்டத் தொடங்கும். துகள் கலத்தின் நடுவில் மோதாமல் ஓரத்தில் மோதியதால் ஜியோட்டோவும் தலையாட்டியது. அதன் அச்சு விலகியது 0.9 பாகை மட்டுமே. ஒரு பாகைக்கும் குறைவு! ஆனால் 14 கோடி கி.மீ. தொலைவிலுள்ள பூமியை நோக்கிக் குறி வைத்த ஆன்டெனாவுக்கு அதுவே போதும். செய்திக் கற்றை பூமியைத் தவறவிட்டது. கலத்தில் இருந்த ஆட்டந்தணிப்பிகள் அந்தத் தலையாட்டத்தை மெல்ல மெல்ல அடக்கின. ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பிறகு தொடர்பு சீராயிற்று. அதற்குள் கலம் உட்கருவிலிருந்து 596 கி.மீ. தொலைவில் கடந்து போய்விட்டது.

ஜியோட்டோ பிழைத்தது, ஆனால் அதன் கண் போயிற்று. காமிரா அதன்பிறகு படம் எடுக்கவில்லை. ஆனாலும் கண் போவதற்கு முன் அது அனுப்பிய படங்களால்தான், ஹாலியின் உட்கரு சுமார் 15 கி.மீ. நீளமுள்ளது என்பதும், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே திருப்பி அனுப்பும் கரிய பொருள் என்பதும் தெரிந்தன. பனி உருண்டை வெண்மையாக இருக்கும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. குருடான கலத்தையும் விஞ்ஞானிகள் கைவிடவில்லை. 1992 ஜூலை 10 அன்று கிரிக்-ஷெல்லரப் என்ற இன்னொரு வால்மீனுக்கு அருகே அதை அனுப்பி, எஞ்சிய கருவிகளால் அளவெடுத்தார்கள்.

மெதுவான தூசும் பகையே

மோதல் வேகம் குறைந்தால் ஆபத்து இல்லை என்று நினைக்கலாம். ஐரோப்பாவின் ரோசெட்டா கலம் அப்படியல்ல என்று காட்டியது. அது 2014 ஆகஸ்டில் 67பி சுர்யுமோவ்-கெராசிமென்கோ என்ற வால்மீனை அடைந்து, அதனோடு கூடவே சென்றது. ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ரயில்களைப் போல. எனவே தூசின் வேகம் வினாடிக்குச் சில மீட்டர்களே இருந்தது. தகட்டில் ஓட்டை விழாது. ஆனால் தொல்லை வேறு வழியில் வந்தது.

கட்டுமரத்தில் செல்லும் மீனவர் அந்நாளில் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துத் திசை அறிந்தார். விண்கலமும் அப்படித்தான். விண்மீன் நோக்கி என்னும் சிறு காமிரா வானத்தைப் படமெடுத்து, நினைவில் உள்ள விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு, கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அறிகிறது. 2015 மார்ச் 28 அன்று ரோசெட்டா வால்மீனிலிருந்து 14 கி.மீ. அருகே சென்றது. சுற்றிலும் தூசு. ஒவ்வொரு துகளும் வெயிலில் மின்னியது. சினிமாக் கொட்டகையில் விளக்கின் கற்றையில் தூசு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி மின்னிய நூற்றுக்கணக்கான துகள்களை விண்மீன் நோக்கி விண்மீன்கள் என்றே எண்ணிக்கொண்டது. வானமே புள்ளிமயம், எது மீன், எது தூசு? கலம் திசை தடுமாறியது. ஆன்டெனா பூமியிலிருந்து விலகத் தொடங்கியது. கடைசியில் கலம் தன் ஆய்வுக் கருவிகளை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குச் சென்றது. அதன்பின் ரோசெட்டாவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்வாங்கச் செய்து, படிப்படியாகவே மறுபடி நெருங்க விட்டார்கள்.

இவை தவிர இன்னும் இரண்டு வகைத் தொல்லைகள் உண்டு. ஒன்று மின்சாரத் தொல்லை. மோதலில் பிறக்கும் பிளாஸ்மா, கலத்தில் தேங்கிய மின்னூட்டத்தைத் திடீரென இறக்கிவிடலாம். 1993 ஆகஸ்டில், பெர்சியட் எரிகற்கள் பொழிந்த நாட்களில், ஒலிம்பஸ் என்ற ஐரோப்பியச் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள் நிலை தடுமாறி, இறுதியில் பயனற்றுப் போயிற்று. எரிகல் துகள் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பெர்சியட் என்பது ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் தன் பாதையில் விட்டுச் சென்ற தூசுதான்.

மற்றொன்று மறைமுகத் தொல்லை. சைடிங் ஸ்பிரிங் வந்தபோது விண்கலங்கள் ஒளிந்துகொண்டன. செவ்வாய் ஒளிய முடியுமா? அதன் மேல்காற்றில் தூசு எரிந்து, சோடியம், மக்னீசியம், இரும்பு போன்ற உலோக அயனிகளை உண்டாக்கியதை மேவன் கண்டது. அந்த அயனிப் படலம் செவ்வாயின் தரையை ஆராயும் ரேடார் அலைகளைக் கலைத்தது. அமெரிக்கக் கலம் ஒன்றின் ரேடார் படங்கள் மங்கலாயின. கருவியின் மேல் ஒரு துகளும் படவில்லை. ஆயினும் அதன் பார்வை மங்கியது.

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு தூய கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுக் கடல்நீரை விட்டு உலரவிடுங்கள். கடல் தொலைவில் இருந்தால் உப்பு கரைத்த நீர் போதும். உலர்ந்த வெண்புள்ளியின் வழியே தொலைவிலுள்ள தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கு மறைந்துவிடாது, ஆனால் அதன் கூர்மை போய், சுற்றிலும் ஒளி பரவித் தெரியும். உப்புப் பரல்கள் ஒளியைத் தடுத்ததைவிடச் சிதறடித்ததே மிகுதி. தூசால் குழிவிழுந்த லென்சும் இதைத்தான் செய்கிறது. இப்போது கண்ணாடியை நீரில் கழுவுங்கள், பார்வை திரும்பிவிடும். விண்வெளியில் கழுவ ஆளில்லை. குழி விழுந்தால் கழுவியும் பயனில்லை.

பகையே சாட்சி

இவ்வளவு தொல்லை தரும் தூசை விஞ்ஞானிகள் ஏன் தேடிப் போகிறார்கள்? சூரிய மண்டலம் உருவான 460 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மூலப்பொருள் அதில் அதிகம் மாறாமல் இருப்பதுதான் காரணம்.

ஜியோட்டோவின் கேடயத்தில் நுண்ணொலி உணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. கூரையில் விழும் மழையின் சத்தத்தைக் கொண்டு தூறலா பெருமழையா என்று நாம் அறிவதுபோல, மோதலின் அதிர்ச்சியைக் கொண்டு துகளின் அளவை அவை கணித்தன. மோதலில் எழும் பிளாஸ்மாவை ஆராய்ந்து, துகளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று இன்னொரு கருவி சொன்னது. கருவிக்குத் தொல்லை தந்த அதே மோதல், கருவிக்குச் செய்தியும் தந்தது.

அமெரிக்காவின் ஸ்டார்டஸ்ட் கலம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2004 ஜனவரி 2 அன்று வைல்ட்-2 வால்மீனின் தூசுக்குள் வினாடிக்கு 6.1 கி.மீ. வேகத்தில் புகுந்தது. அதில் ஏரோஜெல் என்ற பொருள் விரிக்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் மூலப்பொருளாகிய சிலிக்காவால் ஆனது. ஆனால் அதில் பெரும்பகுதி வெற்றிடமே. சுவரில் எறிந்த முட்டை உடையும். வைக்கோற்போரில் எறிந்த முட்டை உள்ளே புதைந்து நிற்கும். அதுபோல, துகள்கள் அதனுள் நீண்ட துளையிட்டுச் சென்று படிப்படியாக வேகமிழந்து நின்றன. 2006 ஜனவரி 15 அன்று அந்தத் தூசு பூமிக்கே வந்து சேர்ந்தது. உயிர்ப்பொருள்களில் காணப்படும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் அதில் இருப்பது 2009இல் தெரியவந்தது.

நம் நாடும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் 'டெக்ஸ்' என்ற தூசு அளக்கும் கருவியை உருவாக்கியது. எடை சுமார் 3 கிலோ. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தோடு அது விண்ணில் சுற்றியது. வேகமாக வரும் தூசு மோதும்போது எழும் மின்னூட்டத்தை உணர்வதே அதன் வேலை. ஏறத்தாழ ஆயிரம் வினாடிக்கு ஒரு மோதல் வீதம் அது பதிவு செய்ததாக 2025இல் இஸ்ரோ தெரிவித்தது. கோள்களிடையே மிதக்கும் தூசின் பெரும்பகுதி வால்மீன்களிலிருந்தே வருகிறது என்று கணக்கிடப்படுகிறது. எனவே வால்மீனைத் தேடிப் போகாத செயற்கைக்கோளுக்கும், நாளை மனிதரை ஏற்றிச் செல்லும் கலத்துக்கும், இந்த எண்ணிக்கை தேவை. எத்தனை துகள், எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான் கேடயத்தை எவ்வளவு கனமாக அமைப்பது என்று முடிவு செய்யலாம். அளவுக்கு மீறிய கேடயம் கருவிக்கு இடமில்லாமல் செய்துவிடும். குறைவான கேடயமோ கருவியையே இழக்கச் செய்யும்.

வால்மீன் ஆய்வு தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. ஜவ்வாது மலையில் காவலூர் வான்காட்சி நிலையத்தை நிறுவிய வைணு பாப்பு, 1949இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர். அது பாப்பு-பாக்-நியூகர்க் வால்மீன் என்றே வழங்குகிறது. அவர் கண்டது தொலைவிலிருந்து. அடுத்த தலைமுறையோ தூசுக்குள்ளேயே கருவியை அனுப்பியது.

ஹாலி வால்மீன் 2023 டிசம்பரில் தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுவிட்டு, சூரியனை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2061இல் அது மீண்டும் நம்மருகே வரும். இன்று பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர் அப்போது அதை நோக்கிச் செல்லும் கலத்துக்குக் காமிரா அமைப்பவராக இருக்கலாம். எவ்வளவு அருகே போவது, கண்ணை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற பழைய கேள்வி அவர் முன்னும் வந்து நிற்கும். அதற்கு விடை காணத் தேவையான முதல் பாடம், நிறையில் பாதி, வேகத்தின் இருமடி என்ற அந்தச் சிறு கணக்குத்தான்.